புளியந்தோப்பு: ஒரு மில், நாலு பெயர்கள்

இது எபிசோடோட எழுத்து வடிவம், கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.

நான் புளியந்தோப்புக்காரன். படத்துல எங்க ஏரியா பேர் வந்தா அடுத்த சீன்ல கத்தி வரும். வேலைக்குச் சேரும்போது முகவரியைப் பார்த்துட்டு "அங்கேயா இருக்கீங்க?"ன்னு கேட்டவங்க உண்டு. இந்த ஊரோட பேர் வேற எதுக்காகவெல்லாம் வரலாற்றில் இருக்குன்னு பார்க்கலாம்.

கதையோட நடுவுல இருக்குறது பின்னி கம்பெனியோட பக்கிங்காம், கர்னாடிக் மில்கள். நம்ம ஆளுங்க சொல்றபடி பி அண்ட் சி மில். காக்கித் துணிக்குப் பேர் போன ஆலை. 1911 தொழிற்சாலைச் சட்டப்படியே ஜவுளி ஆலையில ஒரு ஆணை நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் பத்தலைங்கிறது பெரிய குறையா இருந்தது.

செல்வபதி செட்டியார். மில் பக்கத்துல கடை வச்சிருந்தவர். அவரும் ராமானுஜுலு நாயுடுவும் ஒரு பக்தி சபை நடத்தினாங்க. தொழிலாளிகள் அங்கே வந்து தங்கள் கஷ்டத்தைக் கொட்ட, 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம்னு வரலாற்று நூல்கள் பொதுவா இதைத்தான் சொல்லுது.

பி.பி. வாடியா. பம்பாய்ப் பார்சி. அடையாறு பிரம்மஞான சபையில அன்னி பெசன்ட்டோட வேலை செஞ்சவர், 1917-ல் அவரோடவே காவலில் வைக்கப்பட்டவர். சங்கத்தோட முதல் தலைவர். 1920 கடைசியில் மில்லில் தகராறு முற்றினப்போ, வாடியா மேலயும் மத்தவங்க மேலயும் நிர்வாகம் உயர்நீதிமன்றத்துல வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கிடுச்சு. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினாங்க, நஷ்டஈடு கொடுக்கணும்னு வாதம். கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகணும்ங்கிறது சமரசத்தோட ஒரு பகுதி ஆச்சு.

இதை நிறுத்திக் கவனிங்க. சங்கம் நடத்தினாலே கோர்ட்டுக்கு இழுக்கலாம்னா யார் சங்கம் வைப்பாங்க? இந்த அதிர்ச்சியில்தான் 1921-ல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில சங்கங்களுக்குப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தை இந்த மாதிரிக் காரணத்துக்காக உரிமையியல் வழக்குல இழுக்க முடியாதுன்னு அதன் 18-வது பிரிவு சொல்லிச்சு.

திரு.வி.க. தமிழாசிரியர், பத்திரிகையாளர். வாடியாவுக்குப் பிறகு முன்னால நின்னவர். 1921 மே மாதம் கர்னாடிக் மில்லில் வேலைநிறுத்தம், ஜூனில் பக்கிங்காம் மில்லும் சேர்ந்தது, அக்டோபர் வரை இழுத்தது. நாடு கடத்திடுவேன்னு ஆளுநர் வில்லிங்டன் அவரை மிரட்டினார். ஆகஸ்ட் 29-ல் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தாங்க. இன்னைக்கு நாங்க ஓட்டுப் போடுற தொகுதியோட பேரே திரு.வி.க. நகர்.

எம்.சி. ராஜா. மேடையில இந்தக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் இங்கே வேகமா தாண்டிடுவாங்க. நாம தாண்ட வேண்டாம். வேலைநிறுத்தம் நீண்டப்போ ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலானவங்க வேலைக்குத் திரும்பினாங்க. மத்தவங்களுக்கும் அவங்களுக்கும் மோதல் வந்தது. ஜூன் கடைசியில் புளியந்தோப்புல குடிசைகள் எரிஞ்சுது. வரலாற்றுல "புளியந்தோப்புக் கலவரம்"னு இருக்குறது இதுதான். ஆதிதிராவிடர் தரப்பைச் சட்டமன்றத்துலயும் வெளியிலயும் பேசியவர் ராஜா. நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டி, அரசு ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுதுன்னு குத்தம் சொன்னார். ராஜா 1923-ல் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார்.

வேலைக்குத் திரும்பினவங்களைக் 'கருங்காலி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறது சுலபம். கையில சேமிப்பு இல்லாதவன் எத்தனை மாசம் அடுப்பை அணைச்சு வைப்பான்? தெருவுல தன்னை ஒதுக்கி வைக்கிறவனை, மில் வாசல்ல மட்டும் தோழன்னு எப்படி நம்புவான்? அதே சமயம் இந்தப் பிளவு லாபமாப் போனது நிர்வாகத்துக்குத்தான். அக்டோபர்ல போராட்டம் தோல்வியில முடிஞ்சுது. ரெண்டையும் சேர்த்துச் சொன்னாதான் கதை முழுசாகும்.

போலந்துல கதான்ஸ்க்னு ஒரு பழைய துறைமுக நகரம். 1980-ல் அங்கே கப்பல் கட்டுற தளத்துல நடந்த வேலைநிறுத்தத்துலதான் 'சாலிடாரிட்டி' சங்கம் பிறந்தது, லேக் வலேசா தலைவரானார். அந்தத் தளத்துக்குப் பக்கத்துலயே 2014-ல் ஒரு பெரிய அருங்காட்சியகம் திறந்தாங்க. நம்ம மில் 1990-கள்ல மூடிச்சு.

அருங்காட்சியகம் வர்றப்போ வரட்டும். உங்க வீட்டுல பி அண்ட் சி மில்லுல வேலை பார்த்த தாத்தா, பெரியப்பா யாராவது இருந்தா, போனை எடுத்து அவங்க பேசறதைப் பதிவு பண்ணுங்க. 1921-ல் அவங்க குடும்பம் எந்தப் பக்கம் நின்னிருந்தாலும் சரி, கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.