அரிக்கொம்பன் சென்ட்

ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவளுக்கு ஏலக்காய் மணக்காது. போடிநாயக்கனூரில் இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. வெளியூர் விருந்தாளி கடைத்தெருவுக்குள் கால் வைத்ததும், "என்னங்க, ஊரே பாயசம் மாதிரி மணக்குது!" என்று மூக்கை விரிப்பார். நாங்கள் சிரித்துவைப்போம். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடிக்கும்போது அதில் ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறதா இல்லையா என்றுகூட என்னால் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட மூக்குக்கு என் அண்ணன் மகன் துபாயிலிருந்து ஒரு சென்ட் வாங்கி வந்தான். "அத்தை, இதுல நம்ம ஊரு ஏலக்காய் இருக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தான். கென்ஸோ ஜங்கிள் என்று பெயர். மூடியில் ஒரு யானை நிற்கிறது. ஜப்பானில் பிறந்து பாரிஸில் ஆடை வடிவமைத்துப் பெயர் பெற்ற கென்ஸோ தகாடா தொடங்கிய நிறுவனம் 1996இல் வெளியிட்டது. கலவையைச் செய்தவர் தோமினிக் ரோப்பியோன் என்ற பிரெஞ்சுக்காரர். மதுரையிலிருந்து தேனி மாவட்டத்தைப் பிரித்து அரசாணை வந்ததும் அதே 1996தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கணக்கு எழுதுகிறவளுக்கு வருஷம்தான் முதலில் கண்ணில் படும், அவ்வளவுதான்.

நம்ம ஊர் ஏலக்காய் என்று அவன் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. உலகத்தில் ஏலக்காய் அதிகம் விளைகிற நாடு நம்முடையது அல்ல, குவாத்தமாலா. 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோய் நட்ட செடி, இன்றைக்கு அரபு நாட்டு ஏலக்காய்க் காபியான காவாவுக்கு எங்களோடு போட்டி போடுகிறது. சென்ட் கம்பெனிகள் எண்ணெய் எடுப்பதற்கு 8 எம்.எம். பச்சைக் காய் வேண்டும் என்று கேட்பதில்லை. நிறமும் பருமனும் போடி ஏலத்தில்தான் விலை பேசும். எண்ணெய்க்குக் காய்க்குள் இருக்கும் அரிசி, அதாவது விதை, போதும்.

கடையில் காய் ஆய்கிற பெண்கள் மூடியைப் பார்த்ததுமே பெயர் வைத்துவிட்டார்கள். "என்னக்கா, அரிக்கொம்பன் சென்ட்டா?" 2023 மே மாதம் கம்பம் டவுனுக்குள் வந்து தெருவில் ஓடிய அந்த யானையை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் மறக்க மாட்டார்கள். 144 தடை உத்தரவு போட்டு, ஜூன் முதல் வாரத்தில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து இங்கே எந்த யானை படத்துக்கும் அவன் பெயர்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சென்ட்டில் முதலில் எழுவது கமலா ஆரஞ்சு, ஏலக்காய், கிராம்பு, சீரகம் என்று விவரம் போட்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் 'யிலாங் யிலாங்' என்ற பூ, பிறகு வனிலா. யிலாங் யிலாங் நம் மனோரஞ்சிதத்துக்கு உறவுக்காரி. சீத்தாப்பழமும் அதே குடும்பம். மனோரஞ்சிதம் பூத்த வீட்டைத் தாண்டிப் போயிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழமும் பூவும் ஒன்றாகக் கனிந்த, கொஞ்சம் அதிகப்படியான வாசனை.

கடையில் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு ஆளாளுக்கு நீட்டினேன். ஆய்கிற பெண்கள் எல்லாருமே "பூ வாசனைக்கா" என்றார்கள். ஒருத்தி, "எங்க ஆத்தா வீட்டு மனோரஞ்சிதம் மாதிரியே இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான். ஏலக்காயும் இல்லை, கிராம்பும் இல்லை. பூவும் வனிலாவும் மட்டும். அந்த வாரமே சின்னமனூரில் ஒரு காதுகுத்து. வாழைத் தோட்டக்காரர்கள் வீடு. நான் உள்ளே நுழைந்ததும் என் நாத்தனார் கேட்டது: "என்ன மதினி, பிரியாணிய எறக்கி வச்சிட்டு அப்படியே கெளம்பி வந்துட்டீங்களா?" அவளுக்குப் பூ தெரியவில்லை. மசாலா மட்டும்தான் தெரிந்தது.

ஒரே குப்பி, ஒரே கை. இரண்டு ஊருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

மூக்கு புதிதாக வருவதைத்தான் கவனிக்கும். சுற்றிலும் எப்போதும் இருப்பதை மூளை கொஞ்ச நேரத்தில் தள்ளிவைத்துவிடும். அறைக்குள் ஊதுபத்தி ஏற்றிய சிறிது நேரத்தில் அது மறந்துபோவது இதனால்தான். எங்கள் விஷயம் அதைவிட ஆழமானது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் மோனெல் என்று மணத்தையும் சுவையையும் பற்றி ஆராய்வதற்கே ஓர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே பமேலா டால்டன் என்பவர், ஆட்களின் வீட்டிலேயே ஒரு வாசனையை இரண்டு வாரம் வைத்துப் பார்த்தார். அந்த வாசனையை உணரும் திறன் அவர்களுக்குக் குறைந்துவிட்டது. எடுத்த பிறகும் உடனே திரும்பவில்லை. முடிவு வெளியான வருஷம், மறுபடியும் 1996. இரண்டு வாரத்துக்கே இந்தக் கதி என்றால், பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து கடையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பற்றி என்ன சொல்வது? ரோப்பியோன் எத்தனை துளி ஏலக்காய் எண்ணெய் ஊற்றியிருந்தாலும் போடிக்குள் அது செல்லாத காசு.

மசாலாவும் பூவும் கலந்த சென்ட் பாரிஸில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உண்டு. 1905இல் கோட்டி வெளியிட்ட லோரிகான், 1948இல் நினா ரிச்சியின் லேர் து தாம், 1977இல் ஈவ் சாங் லோராங்கின் ஓப்பியம் என்று வரிசை நீளும். இவற்றில் பலவற்றின் நடுவில் இருப்பது கார்னேஷன் பூவின் மணம். அந்தப் பூவிலேயே கிராம்பு வாடை உண்டு. இரண்டிலும் இருப்பது யூஜினால் என்ற பொருள். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி அதுதான். பல் டாக்டரிடம் போனால் வரும் வாசனையும் அதுதான், துளசியைக் கசக்கினால் லேசாகக் காரம் ஏறுவதும் அதனால்தான். நம் பிச்சிப்பூவில்கூட அது கொஞ்சம் இருக்கிறது. மல்லிகையை விடப் பிச்சி ஒரு படி காரமாக மணப்பதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

சீரகம் கதை வேறு. வெள்ளைக்காரர்களில் பலருக்குச் சென்ட்டில் சீரகம் வந்தால் வியர்வை நாற்றம் போல இருக்குமாம். அதைத் தைரியமாகப் போட்டவர் என்று ரோப்பியோனைப் புகழ்கிறவர்களும் உண்டு. நமக்கு ரசம். இதில் என்ன தைரியம் வேண்டியிருக்கிறது?

அவர்கள் குப்பியில் சேர்ப்பதை இங்கே நாரில் கட்டுகிறார்கள். சீலையம்பட்டி பூ மார்க்கெட்டில் கதம்பம் வாங்கிப் பாருங்கள். மல்லிகை, நிறத்துக்குக் கனகாம்பரம், நடுநடுவே மரிக்கொழுந்து. கனகாம்பரத்துக்கு வாசனையே கிடையாது; காரம் முழுக்க மரிக்கொழுந்துடையது. பூ வாடி உதிர்ந்த பிறகும் அது மட்டும் மணந்துகொண்டிருக்கும், காய்ந்ததை எடுத்துத் துணிக்கு நடுவே வைக்கிற வீடுகள் உண்டு. மரிக்கொழுந்து எண்ணெய் ஆளுக்கு ஆள், தோலுக்குத் தோல் வேறு மாதிரி மணக்கும் என்று சென்ட் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

கதம்பத்து மல்லிகையை ஏன் மொட்டாகவே பறிக்கிறார்கள் என்பதற்கும் காரணம் மணம்தான். செடியை விட்டுப் பிரிந்த பிறகும் அது மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மாலையில் விரியும்போதுதான் முழு வாசனை. எண்ணெய் எடுப்பவர்களும் மொட்டாக வாங்கி, விரியும் வரை காத்திருக்கிறார்கள். ரோஜாவைப் போலக் கொதிக்கும் நீராவி காட்டினால் மல்லிகை மணம் கெட்டுவிடும் என்பதால், ஒரு கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போல எடுத்து, அதிலிருந்து சாற்றைப் பிரிப்பார்கள். ஏறத்தாழ ஒரு டன் பூவுக்கு ஒரு கிலோ கிடைத்தால் உண்டு. நிலக்கோட்டைப் பக்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமும் இதற்கென்றே ஆலைகள் இருக்கின்றன. பனிக்காலத்தில் கிலோ மல்லிகை ஆயிரங்களைத் தாண்டும்போது, பூவைத் தலையில் வைப்பவளே யோசிப்பாள். ஆலைக்காரர் என்ன செய்வாரோ!

எனக்கே ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. கம்பத்துப் பன்னீர் திராட்சையை வாயில் போட்டால் தோல் கிழியும் அந்த நொடியில் ஒரு ரோஜா வாசனை வரும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்பார்கள். உலகத்தில் அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். அந்தப் பழத்தின் மணத்தில் பங்குள்ள லினலூல் என்ற பொருள் மல்லிகையிலும் உண்டு, ஏலக்காயிலும் கொஞ்சம் உண்டு, யிலாங் யிலாங்கிலும் உண்டு. ஏலக்காயின் குளுமை மட்டும் தனி. அது சினியோல், யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியச் சரக்கு. ஆக, போடி மெட்டிலிருந்து இறங்கி சீலையம்பட்டி வழியாகச் சுருளிப்பட்டித் திராட்சைக் கொடிக்கு அடியில் போய் நின்றால், ரோப்பியோன் கலவையில் பாதியை நடந்தே மோந்து பார்த்துவிடலாம்.

மலையேறிப் போகிற பெண்களை இதில் சேர்க்காமல் விட்டால் பொய்யாகிவிடும். விடியுமுன் தேவாரம், கோம்பை, கூடலூர்ப் பக்கமிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, இடுக்கித் தோட்டங்களுக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குவார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை; தூரில் தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். அதனால் பறிப்பு முழுக்கக் குத்தவைத்துச் செய்கிற வேலை. அவர்கள் சேலையில் ஏலம் மணக்கும், ஈர மண் மணக்கும், தெளித்த பூச்சிமருந்தும் சேர்ந்து மணக்கும். 2019 ஆகஸ்ட்டில் ஏலக்காய் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது என் பேரேட்டில் எண்கள் நீண்டன. அந்த ஜீப்புகளில் நெரிசல் குறையவில்லை.

சென்ட்டுக்குப் பெரிய எதிரி எங்கள் ஆடிக் காற்றுதான். கணவாய்கள் வழியாகத் தென்மேற்கிலிருந்து புகுந்து, ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளை எல்லாம் சுழற்றிவிட்டுப் போகிற காற்று. அந்த மாதங்களில் தேவாரம் வழியாக உத்தமபாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், பண்ணைப்புரம் வருவதற்குள் கை வெறும் கை. இலேசான பொருள்கள்தான் முதலில் பறக்கும்: கமலா போகும், ஏலம் போகும். வனிலா கனமானது, கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று மாதத்தில் தோலில் அடிப்பதை விடப் பருத்தித் துணியில் அடித்தால் அதிக நேரம் நிற்கிறது. பட்டில் அடிக்காதீர்கள், கறை விழும். மணிக்கட்டில் அடித்துத் தேய்த்துக்கொள்வதால் ஒரு லாபமும் இல்லை.

ஸ்பிரிட் வாடையே வேண்டாம் என்பவர்களுக்குக் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் அத்தர் கிடைக்கிறது. ரம்ஜான் சமயத்தில் பள்ளிவாசல் பக்கம் போனால் சின்னச் சின்னக் குப்பிகளை அடுக்கியிருப்பார்கள். எண்ணெய்ப் பசை என்பதால் ஆடிக் காற்றுக்குச் சுலபத்தில் அசையாது. ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் ஒரு பொட்டு காதுமடலில் வைத்தால் மறுநாள் தலையணையிலும் இருக்கும். விலையும் துபாய்க் குப்பியில் ஒரு மூலைக்குக் காணாது.

துபாய்க் குப்பியின் ஏலக்காய் என் மூக்குக்குக் கிடைத்தது சென்னையில். 2010 கடைசியில் மூடிய போடி ரயில் பாதை, அகலப்படுத்தி 2023 ஜூனில் திறந்ததிலிருந்து எங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே ஏறி சென்ட்ரலில் இறங்கிவிடலாம். பெரம்பூரில் மகள் வீடு. அவள் பிரசவத்துக்குப் போய்த் தங்கிவிட்டேன். கடை இல்லை, மூட்டை இல்லை, அவள் சமையலறையில் ஏலக்காய் ஒரு சின்ன டப்பாவுக்கு மேல் இல்லை. பெயர் சூட்டுகிற நாளில் சென்ட்டை எடுத்து அடித்துக்கொண்டேன். கழுத்திலிருந்து ஏலம் எழுந்து வந்தது, மூட்டை பிரித்த மாதிரி. உள்ளே பல்லிடுக்கில் நிற்கிற கிராம்பு. மனோரஞ்சிதம் எங்கோ பின்னால் போய் நின்றுகொண்டது. என் நாத்தனார் சின்னமனூரில் எதைச் சொன்னாள் என்று அப்போது விளங்கியது.

போடிக்குத் திரும்பிய பிறகும் கொஞ்ச நாள் கடைத்தெரு மணந்தது. வெளியூர்க்காரி மாதிரி நானும் மூக்கை விரித்துக்கொண்டு நடந்தேன். தீபாவளிக் கணக்கு முடிப்பதற்குள் அது போய்விட்டது.

குப்பியைப் பெரம்பூரிலேயே வைத்துவிட்டேன். ரயிலேறிப் போகும்போது அடித்துக்கொள்வேன். இங்கே வெள்ளி செவ்வாயில் பிச்சியும் மரிக்கொழுந்தும் போதும். மகள் அந்தச் சென்ட்டைத் தொடுவதில்லை, அவளுக்குச் சீரகம் பிடிக்கவில்லையாம்.