கொப்பளிப்பான் ஆறினாலும் வைரஸ் போவதில்லை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கம் ஒரு வளவுக்குள் மூன்று தலைமுறை வாழ்வது சாதாரணம். மகளுக்கு வீடு கொடுப்பதும், மருமகன் அங்கு வந்து குடியிருப்பதும் நமது வழக்கம். அதனால் சீனி வருத்தமுள்ள மூத்தம்மா, பள்ளிக்கூடம் போகும் பேரன், பிள்ளை வயிற்றோடு இருக்கும் இளைய மகள் எல்லோரும் ஒன்றாகவே புழங்குவார்கள். மூத்தம்மாவின் விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிவோடு கொப்புளம் கிளம்புகிறது, அக்கி என்கிறோம். இரண்டு வாரம் கழித்துப் பேரனுக்குக் கொப்பளிப்பான். இரண்டையும் சூட்டின் மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். பேரனுக்கு மூத்தம்மாவின் கொப்புள நீரிலிருந்தே தொற்றியிருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

அக்கி உள்ள வீட்டில் சிறுவர்களுக்குக் கொப்பளிப்பான் வருவதை 1892இலேயே புடாபெஸ்ட் நகரின் டொக்டர் பொக்காய் கவனித்து எழுதினார். அதன் காரணத்தைத் தெளிவாகச் சொன்னவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் குடும்ப வைத்தியராக இருந்த ஹோப்-சிம்ப்சன். பல வருடங்களாகத் தன் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு 1965இல் அவர் சொன்னது இதுதான்: கொப்பளிப்பான் ஆறிய பின்னும் வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. நரம்பு வழியே ஏறி, முள்ளந்தண்டுக்கு அருகிலுள்ள நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு காலம் உறங்கிக் கிடக்கும். முதுமை, சீனி வருத்தம், ஸ்டீரொயிட் மருந்து, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் உடலின் காவல் தளரும்போது விழித்து, அதே நரம்பு வழியே தோலுக்கு இறங்கும். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டியாகப் படர்வது அதனால்தான். மூன்று பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது அக்கி வருகிறது.

கொப்பளிப்பான் வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இப்படி ஒளிந்திருப்பது அந்தக் குடும்பத்தின் குணம். மனிதரைப் பிடிக்கும் வைரஸ்கள் அதில் எட்டு, ஒன்பது இருக்கின்றன. உதட்டுப் புண்ணைத் தருவது ஹெர்பிஸ் சிம்ப்லெக்ஸ் 1. 50 வயதுக்குட்பட்ட உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொண்டை வீக்கக் காய்ச்சலையும் சிலவகைப் புற்றுநோய்களையும் தருகிறது. சைட்டோமெகலோ வைரஸ் கருவிலேயே தொற்றினால் பிள்ளையின் செவிப்புலன் பாதிக்கப்படலாம்.

நம் ஊர்களில் கவலைக்குரியது பிள்ளை பார்க்கப் போகும் பழக்கம். பெரியவருக்குச் சிறு தொல்லையாகப் போகும் உதட்டுப் புண், பிறந்து சில நாளான சிசுவின் மூளையையும் ஈரலையும் தாக்கி உயிரையே எடுக்கலாம். உதட்டில் புண்ணோடு போகிறவர் பிள்ளையைக் கொஞ்சக் கூடாது. உம்மாமார் இதைத் தயங்காமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி பரவலாகாத குளிர் நாடுகளில் அநேகமாக எல்லோரும் சிறு வயதிலேயே கொப்பளிப்பானைக் கண்டு முடித்துவிடுகிறார்கள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பலர் அது வராமலே வளர்ந்துவிடுகிறார்கள். வளர்ந்தவருக்கு வந்தால் நியுமோனியா வரை போகலாம். கர்ப்பிணிக்கு ஆபத்து இன்னும் அதிகம். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரைக்குள் தாய்க்குக் கொப்புளம் கிளம்பினால் சிசுவின் உயிருக்கே ஆபத்து. எனவே கொப்பளிப்பான் வந்திராத கர்ப்பிணி, நோயாளியோடு இருக்க நேர்ந்தால் தனக்குக் கொப்புளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கிளினிக்கில் சொல்ல வேண்டும். நெருக்கமாக வாழும் இடத்தில் இந்நோய் வேகமாகப் பரவும். 2009இல் போரால் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த வவுனியா மெனிக் பாம் முகாம்களில் அதுதான் நடந்தது.

மருந்து இருக்கிறது: அசைக்ளோவிர். அதை உருவாக்கிய ஆய்வுக் குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வைரஸ் பெருகும்போது அதன் சொந்த நொதியே இந்த மருந்தைத் தூண்டிவிடுகிறது. ஆகவே பெருகி முடிந்த பிறகு குளிசை விழுங்கிப் பெரிய பலனில்லை. வளர்ந்தவரின் கொப்பளிப்பானுக்கு முதல் 24 மணி நேரத்துக்குள்ளும், அக்கிக்கு 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். நாமோ அந்த மூன்று நாளையும் வேப்பிலைக்கும் ஓதிப் பார்ப்பதற்கும் கொடுத்துவிடுகிறோம். ஓதிப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் நமது மார்க்கம்தான். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம். தாமதித்தால் கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் எரியும் நரம்பு வலி மிஞ்சக்கூடும். சட்டை உரசினாலே துடிக்கும் வலி அது. காய்ச்சலுக்குப் பனடோல் போதும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கூடவே கூடாது. குளிக்கலாம், மீனும் சாப்பிடலாம்.

வெளியே பேசப்படாத ஒன்றும் உண்டு. பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸை மறைத்து, பாமசியில் களிம்பு வாங்கிப் பூசிக் காலம் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தொற்றிப் பல வருடம் கழித்தும் முதல் கொப்புளம் தெரியலாம். அதனால் கொப்புளத்தைக் கண்டதும் கணவனோ மனைவியோ மற்றவர் நடத்தையைச் சந்தேகிப்பது பெரும் அநியாயம். அதை நம்பித் தலாக் வரை போவது அதைவிட அநியாயம். அரசின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் கடிதம் எதுவும் இல்லாமல், இலவசமாக, இரகசியம் காத்துப் பார்க்கிறார்கள்.

கொப்பளிப்பானுக்குத் தடுப்பூசியும் உண்டு. ஜப்பானின் மிச்சியாக்கி தக்காஹாஷி 1974இல் உருவாக்கியது. நமது தேசிய அட்டவணையில் அது இல்லாததால் தனியாரிடம் காசு கொடுத்தே போட வேண்டும். ஹலாலா என்று கேட்பவர்களுக்கு: வரிவாக்ஸ் என்ற தயாரிப்பில் பன்றி ஜெலட்டின் உண்டு, வரில்ரிக்ஸில் இல்லை. எது கிடைக்கிறது என்று கேட்டு வாங்கலாம். இது உயிர் வைரஸ் ஊசி என்பதால் கர்ப்பிணிக்குப் போட முடியாது. கலியாணத்துக்கு முன்பே மகளுக்குப் போடுவதைப் பற்றி உம்மாவும் வாப்பாவும் யோசிக்க வேண்டும்.

அக்கி நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணோரத்திலோ கிளம்பினால் பார்வை பறிபோகலாம். நடுச்சாமமானாலும் சுணங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.