மீன் கருவின் வடிவாய்க்கால்

சிதம்பரத்துக்கு வடகிழக்கே சில கல் தொலைவில், பரங்கிப்பேட்டை அருகே வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்தின் கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருக்கிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் சந்திக்கும் அவ்விடத்தில் நின்று ஒரு கேள்வியைக் கேட்போம்: நன்னீரில் வாழும் மீன் ஏன் நீரால் வீங்கி விடுவதில்லை?

நன்னீர் மீனின் குருதியில், சுற்றியுள்ள நீரைக் காட்டிலும் உப்பு மிகுதி. ஆகையால் செவுளின் வழியே நீர் இடையறாது உடலுள் புகுகிறது. அதனை வெளியேற்றுவது சிறுநீரகம். மழைக்காலத்தில் வடிவாய்க்கால் அடைபட்டால் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வயல்கள் மூழ்குவதை நாம் அறிவோம். சிறுநீரகம் இல்லாத மீன் கருவுக்கும் ஏறத்தாழ அதே கதிதான். எனவே அதன் வடிகால் விரைவில் அமைந்தாக வேண்டும்.

இதனை ஆராய அறிஞர்கள் தேர்ந்தது வரிக்குதிரை மீன். கங்கைச் சமவெளியின் நீர்நிலைகளில் வாழும் இச்சிறு மீனைப் பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் அறிவுலகுக்கு விவரித்தார். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர் 1981இல் வெளியிட்ட ஆய்வு, அதனை மரபியலின் மேடைக்குக் கொணர்ந்தது. அதன் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடி போல் ஒளி ஊடுருவுவது. ஆகவே உறுப்புகள் தோன்றுவதை நுண்ணோக்கியில் நேரே காணலாம்.

மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இம்மீன் கருவிலோ இரண்டே இரண்டு! கருவுற்று 48 மணி நேரத்துக்குள் அவை குருதியை வடிக்கத் தொடங்கி விடுகின்றன.

இவ்விரைவுப் பணியை நடத்துவன மரபணுக்கள். நடுப்படலத்தின் ஒரு பகுதியிலுள்ள உயிரணுக்களில் 'பாக்ஸ்2ஏ', 'பாக்ஸ்8' முதலியன விழித்தெழுகின்றன. அவ்வுயிரணுக்கள் சிறுநீரகமாகும் வழியில் செல்கின்றன. 'டபிள்யூ.டி.1ஏ' என்னும் மரபணு வடிகட்டும் முனையை உருவாக்க உதவுகிறது. வைட்டமின் 'ஏ'யிலிருந்து பிறக்கும் ரெட்டினாயிக் அமிலம், குழலின் எப்பகுதி எவ்வேலையைச் செய்யவேண்டும் என்னும் பங்கீட்டில் துணைபுரிகிறது. 'பாக்ஸ்2ஏ' பழுதுற்றால் நுண்குழல்கள் செம்மையாக அமைவதில்லை. வெளியேற வழியற்ற நீர் உடலில் தேங்க, கரு வீங்கி மடிகிறது.

மீனின் கதையோடு இது முடிந்துவிடவில்லை. மனிதரிலும் இம்மரபணுவின் இணை உண்டு. அதன் இரு படிகளுள் ஒன்று பழுதுற்றாலும் குழந்தையின் சிறுநீரகம் சிறுத்துப் போகலாம், கண்ணும் குறைபடலாம். மனிதரின் மரபணுக்களுள் நூற்றுக்கு 70 அளவுக்கு இம்மீனில் இணை உண்டென்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

மற்றொரு வியப்பும் உண்டு. வளர்ந்த வரிக்குதிரை மீன், சிறுநீரகம் காயமுற்றால் புதிய நெஃப்ரான்களை ஆக்கிக்கொள்கிறது. பிறந்த பின்னர் மனிதனுக்கு அவ்வாற்றல் இல்லை. மீன் கருவில் எந்த மரபணு, எப்போது, எவ்வாறு இயங்குகிறது என ஆராய்வோர், அந்த ஆற்றலின் வேரையே தேடுகின்றனர். சிறுநீரகம் செயலிழந்து தவிப்போர்க்கு அத்தேடல் நாளை பயன்படக்கூடும். உயிரியல் பயிலும் மாணவர்களே, அப்பணியில் உங்களுக்கும் இடமுண்டு.