இணைய வணிகமும் சிறு விற்பனையாளரின் இடர்ப்பாடுகளும்

மும்பை மாநகரின் கிழக்குப் புறநகர்களுள் ஒன்றான செம்பூர், தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியாகும். மாட்டுங்காவில் முதலில் குடியேறிய குடும்பங்கள் பல, இடநெருக்கடி மிகுந்த காலத்தில் ஹார்பர் ரயில் பாதையை ஒட்டிய இப்பகுதிக்கு இடம்பெயர்ந்தன. இத்தகைய குடும்பங்களில் முறுக்கு, தட்டை, வடாம், பருப்புப் பொடி முதலியவற்றை வீட்டிலேயே செய்து அக்கம்பக்கத்தாருக்கு விற்பது நெடுநாளைய வழக்கம். சற்றுத் தொலைவில் உள்ள தாராவியிலோ தோல் பைகளும், கும்பார்வாடாவின் மண் விளக்குகளும், ஆயத்த ஆடைகளும் சிறு கூடங்களில் உருவாகின்றன. கைப்பேசியும் இணையமும் பரவியபின் இத்தகைய சிறு உற்பத்தியாளர்களின் சந்தை, தெருக்கோடியிலிருந்து நாட்டின் மறுகோடிவரை விரிந்துவிட்டது.

சந்தை விரிந்ததால் வருவாய்க்கு வழி பிறந்தது உண்மையே. ஆனால் அதனுடன் ஒரு புதிய தொல்லையும் வந்து சேர்ந்தது. முன்பு வாங்குபவர் யார் என்பது விற்பவருக்குத் தெரியும். இன்று அவர் ஒரு முகவரியும் ஒரு கைப்பேசி எண்ணுமே ஆவார். நேர்மையான வாடிக்கையாளர்களே பெரும்பான்மையோர் என்றாலும், எஞ்சிய சிலரால் சிறு விற்பனையாளர் அடையும் நட்டம் அவரது தொழிலையே நிலைகுலையச் செய்துவிடக்கூடும். இச்சிக்கலின் தன்மை, அதற்குச் சட்டம் அளிக்கும் தீர்வு, அத்தீர்வு எட்டாத இடங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய சிக்கலின் புதிய வடிவம்

முகம் காணா வணிகம் நமக்குப் புதியதன்று. இந்திய அஞ்சல் துறை 1877ஆம் ஆண்டிலேயே, பொருளைப் பெற்றுக்கொள்ளும்போது அதன் விலையை அஞ்சல்காரரிடம் செலுத்தும் வி.பி.பி. முறையைத் தொடங்கியது. புத்தகங்களும் மருந்துகளும் இம்முறையில் சிற்றூர்களைச் சென்றடைந்தன. 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம், உண்மையாகக் கிடைத்த ஆர்டரின் பேரிலேயே பார்சலை அனுப்புவதாக அனுப்புநர் உறுதி கூறவேண்டும் என்று விதி செய்ய இடமளித்தது. கேட்காத பொருளை அனுப்பிப் பணம் பறிக்கும் வணிகரிடமிருந்து மக்களைக் காப்பதே அதன் நோக்கம். கேட்டுவிட்டுப் பின்னர் பொருளை மறுக்கும் வாங்குபவரிடமிருந்து வணிகரைக் காக்க அத்தகைய உறுதிமொழி எதுவும் இல்லை.

2010ஆம் ஆண்டில் ஃபிளிப்கார்ட் நிறுவனம், பொருள் கைக்கு வந்தபின் பணம் செலுத்தும் வசதியை அறிமுகப்படுத்தியது. இணையத்தில் முன்பணம் செலுத்த அஞ்சியவர்களையும் இவ்வசதி சந்தைக்குள் ஈர்த்தது. வாங்குபவரின் அச்சம் நீங்கியது. ஆனால் அது மறைந்துவிடவில்லை, விற்பவரின் தலைக்கு மாறியது.

பொருளியலார் இதனைத் தகவல் சமமின்மை என்பர். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரையில், பழைய கார்களின் தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்பதால் அச்சந்தை எவ்வாறு சீர்குலைகிறது என்று விளக்கினார். 2001ஆம் ஆண்டு பொருளியல் நோபெல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். இணைய வணிகத்தில் இச்சமமின்மை இருபுறமும் அமைந்துள்ளது. பொருளின் தரம் வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவரின் நாணயம் விற்பவருக்குத் தெரியாது. முதல் குறையை நீக்க விதிகளும் மதிப்பீடுகளும் வந்துவிட்டன. இரண்டாவது குறை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

இடர்ப்பாடுகளின் வகைகள்

சிறு விற்பனையாளர் எதிர்கொள்ளும் தொல்லைகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஆர்டர் கொடுத்துவிட்டுப் பார்சல் வாசலுக்கு வரும்போது வாங்க மறுப்பது, அல்லது கைப்பேசியை எடுக்காமலே இருந்துவிடுவது. இரண்டாவது, பயன்படுத்திய பொருளையோ வேறொரு பழைய பொருளையோ திருப்பி அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறுவது. மூன்றாவது, பெற்ற பொருளை வரவில்லை என்றோ, எண்ணிக்கை குறைந்தது என்றோ சாதிப்பது. நான்காவது, விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தராவிடில் தாழ்ந்த மதிப்பீடு எழுதுவதாக மிரட்டுவது. ஐந்தாவது, மொத்தமாகக் கொள்முதல் செய்யும் கடைகளும் நிறுவனங்களும் மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடிப்பது.

இவற்றுடன், வாங்குபவரைப் போல் நடிக்கும் மோசடிக்காரரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். பணம் அனுப்புவதாகக் கூறி ஒரு கியூ.ஆர். குறியீட்டை அனுப்பி, அதனை வருடி இரகசிய எண்ணை இடச் சொல்வது இவர்களின் வழக்கம். யு.பி.ஐ. முறையில் பணம் செலுத்துவதற்கே இரகசிய எண் வேண்டும். பணம் பெறுவதற்கு வேண்டுவதில்லை. இந்த ஓர் உண்மையை அறிந்திருந்தாலே பல இழப்புகளைத் தவிர்க்கலாம். ஏமாந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்யவேண்டும்.

நட்டத்தின் கணக்கு

ஒரு பார்சல் திரும்பி வந்தால் பொருள்தான் கைக்கு வந்துவிட்டதே, நட்டம் எங்கே என்று கேட்கத் தோன்றும். விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

ஒரு கைப்பையின் விற்பனை விலை 800 ரூபாய். தோலுக்கும் கூலிக்கும் 500 ரூபாய். கூரியர் கட்டணம் 65 ரூபாய். கட்டுமானச் செலவு 20 ரூபாய். இணையத் தளத்தின் தரகு 65 ரூபாய். எஞ்சும் இலாபம் 150 ரூபாய். நூறு பைகள் விற்றால் 15,000 ரூபாய் கிடைக்கவேண்டும். அந்நூற்றில் 20 பைகள் திரும்பிவிட்டன என்று கொள்வோம். 80 பைகளுக்கான இலாபம் 12,000 ரூபாய். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்து இருவழியிலும் 130 ரூபாய், கட்டுமானம் 20 ரூபாய், ஆக 150 ரூபாய் வீதம் 3,000 ரூபாய் இழப்பு. திரும்பியவற்றுள் நான்கு பைகள் கீறலுற்று விற்க இயலாதவை ஆயின் மேலும் 2,000 ரூபாய் இழப்பு. இறுதியில் கையில் நிற்பது 7,000 ரூபாய் மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு ஆர்டர் தவறியதால் பாதிக்கு மேற்பட்ட இலாபம் மறைந்துவிட்டது.

பெரிய நிறுவனம் இத்தகைய இழப்பை ஆயிரக்கணக்கான விற்பனைகளில் பரப்பிக்கொள்ளும். வட்டிக்கு வாங்கிய முதலில் தொழில் செய்யும் குடும்பத்திற்கோ அது அடுத்த வாரத்துக் கச்சாப் பொருளுக்கான பணமாகும். உணவுப் பண்டம் விற்பவரின் நிலை இன்னும் கடினம். பத்து நாள் ஊர் சுற்றித் திரும்பும் முறுக்கை மறுபடி விற்க முடியாது. அதன் முழு விலையும் நட்டமே.

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்குபவரின் உரிமைகளை 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் உறுதி செய்தன. 2020 ஜூலையில் வெளியான மின் வணிக விதிகள், குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாத பொருளையோ, குறித்த காலத்திற்குப் பின் வந்த பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று கூறுகின்றன. புகாரை 48 மணி நேரத்திற்குள் ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்கவும் வேண்டும். இவை அனைத்தும் தேவையான பாதுகாப்புகளே.

ஆனால் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குறையில்லாத பொருளை, மனம் மாறியது என்ற ஒரே காரணத்திற்காகத் திருப்பித்தரும் பொதுவான உரிமையை இவ்விதிகள் வழங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய உரிமை 14 நாள்களுக்கு உண்டு. எனினும் விற்பவர் தாமே ஏற்றாலன்றி, உரிய அறிவிப்பு தரப்பட்டிருக்குமானால், திருப்பி அனுப்பும் செலவு வாங்குபவரைச் சேரும். நம் நாட்டில் 'எந்தக் கேள்வியுமின்றித் திரும்பப் பெறுதல்' என்பது இணையத் தளங்கள் போட்டியின் காரணமாக வகுத்துக்கொண்ட கொள்கையே ஆகும். அதன் செலவு பெரும்பாலும் விற்பனையாளர் மீதே விழுகிறது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இரு தரப்பையும் நடுநிலையோடு நோக்குகிறது. பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு வாங்குபவருக்கு வேண்டும் என்று 41ஆம் பிரிவு கூறுகிறது. நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவிக்காமல் பொருளை வைத்துக்கொண்டால், அதனை ஏற்றுக்கொண்டதாகவே 42ஆம் பிரிவு கருதுகிறது. தக்க காரணமின்றிப் பொருளை ஏற்க மறுப்பவர் மீது நட்ட ஈடு கோர 56ஆம் பிரிவு வழி செய்கிறது.

ஆகவே சிறு விற்பனையாளருக்கு உரிமை இல்லை என்பதற்கில்லை. அவ்வுரிமையை நிலைநாட்டும் செலவே உரிமையின் மதிப்பை விட மிகுதி. 150 ரூபாய் நட்டத்திற்காக வேறொரு மாநிலத்தவர் மீது உரிமையியல் வழக்குத் தொடுப்பார் எவரும் இலர். விற்பவர் என்ற நிலையில் அவர் நுகர்வோர் அல்லர் என்பதால், வாங்குபவருக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்தின் கதவும் அவருக்குத் திறப்பதில்லை. எஞ்சியிருப்பது இணையத் தளத்தின் உள் முறையீட்டு ஏற்பாடு மட்டுமே. அங்கு வழக்குரைப்பவரும் தீர்ப்பளிப்பவரும் விதி வகுப்பவரும் ஏறத்தாழ ஒருவரே.

மதிப்பீடு என்னும் ஆயுதம்

வாங்குபவர் எழுதும் மதிப்பீடு தரமற்ற விற்பனையாளரைச் சந்தையிலிருந்து விலக்குகிறது. ஆனால் புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு ஓரிரு தாழ்ந்த மதிப்பீடுகளே பேரிடியாகிவிடும். ஈபே நிறுவனத்தில் முன்பு விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் மதிப்பிட்டனர். பழிவாங்கும் நோக்கில் விற்பவர்கள் எழுதுவதாகக் குறை எழவே, 2008ஆம் ஆண்டு முதல் விற்பவர் வாங்குபவரைக் குறைத்து மதிப்பிடும் வசதி நீக்கப்பட்டது. ஒரு தீமையைக் களைய முயன்றபோது மறுபக்கத்துப் பாதுகாப்பும் போயிற்று.

நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணைய மதிப்பீடுகளைச் சேகரித்து வெளியிடும் முறைக்கென ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை 2022ஆம் ஆண்டு வெளியிட்டது. எழுதுபவர் உண்மையானவரா என்று சரிபார்ப்பது அதன் முக்கியக் கூறுகளுள் ஒன்று.

மொத்தக் கொள்முதல் செய்வோர்

ஐந்தாவது வகைத் தொல்லைக்குச் சட்டம் ஓரளவு வலுவான தீர்வை வழங்கியுள்ளது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியோர் ஒப்பந்தத்தில் குறித்த நாளுக்குள் பணம் செலுத்தவேண்டும். அந்நாள் பொருளை ஏற்றதிலிருந்து 45 நாள்களுக்கு மேற்படலாகாது. ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாள்களே. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி செலுத்த நேரும். மாநில வசதிக் குழுவிடம் முறையிடலாம். அதற்கென 'சமாதான்' இணையதளம் 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் கொள்முதலாளர் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டவேண்டும். 2024 ஏப்ரல் முதல், கெடுவுக்குள் செலுத்தாத தொகையை அவ்வாண்டின் செலவாகக் காட்டி வருமான வரிச் சலுகை பெறவும் தடை வந்தது.

இவ்வுரிமைகளைப் பெற உத்யம் பதிவு இன்றியமையாதது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. ஆயினும், 2021இல் சில்லறை, மொத்த வணிகர்கள் இப்பதிவில் சேர்க்கப்பட்டது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. தாமே உற்பத்தி செய்து விற்பவருக்கு உள்ள இப்பாதுகாப்பு, வாங்கி விற்பவருக்கு இல்லை என்பதை அதிகாரிகள் பதிவு செய்ய வருவோரிடம் எடுத்துக்கூறுதல் நன்று.

விற்பனையாளரின் பொறுப்பு

எல்லாக் குறைகளும் வாங்குபவரைச் சார்ந்தவை என்பது முறையன்று. மங்கலான படம், தவறான அளவு, மிகைப்படுத்திய வருணனை ஆகியவற்றால் திரும்பும் பொருள்களும் பல. படத்தில் அரக்குச் சிவப்பாகத் தெரிந்த புடவை கையில் கருஞ்சிவப்பாக இருந்தால், அதைத் திருப்பி அனுப்புபவரைக் குறை கூறுவது எவ்வாறு?

எனவே பொருளின் நீள அகலம், எடை, கெடும் நாள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதவேண்டும். கட்டும்போதே எடைபோட்டுப் படமோ காணொளியோ எடுத்து வைத்தல் வேண்டும். அனுப்புமுன் ஒருமுறை தொலைபேசியில் பேசி ஆர்டரை உறுதி செய்துகொள்வது வீண் பயணத்தைத் தடுக்கும். விலை மிகுந்த பொருளுக்கும், கேட்டவரின் விருப்பப்படி செய்யும் பொருளுக்கும் ஒரு பகுதி முன்பணம் பெறுவது தவறாகாது. கைப்பேசிச் செய்திகளை அழிக்காது வைத்திருத்தல் நலம். மின்னணுப் பதிவுகளை உரிய சான்றிதழுடன் சான்றாக ஏற்க, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டமும் இடமளிக்கிறது.

செய்யவேண்டுவன

வாங்குபவரின் உரிமையைக் குறைக்காமலே விற்பவரின் இடரைக் குறைக்க இயலும். காரணமின்றித் திரும்பத் திரும்பப் பார்சலை மறுப்பவர்களுக்கு, பின்னர்ப் பணம் செலுத்தும் வசதியை இணையத் தளங்கள் நிறுத்திவைக்கலாம். மனமாற்றத்தால் திருப்பும் பொருளின் போக்குவரத்துச் செலவை மூன்று தரப்பினரும் பகிர்ந்துகொள்ள வகை செய்யலாம். விற்பனையாளரின் முறையீட்டுக்கும் காலக்கெடு விதித்து, முடிவுக்கான காரணத்தை எழுத்தில் தரச் செய்யலாம். 2021 டிசம்பரில் அமைக்கப்பட்ட ஓ.என்.டி.சி. போன்ற திறந்த வலையமைப்புகள், ஒரே தளத்தைச் சார்ந்து நிற்கும் நிலையைத் தளர்த்த உதவக்கூடும்.

செம்பூரின் ஒரு சமையலறையிலிருந்தோ தாராவியின் ஒரு மாடிக் கூடத்திலிருந்தோ புறப்படும் பார்சலில் ஒரு குடும்பத்தின் உழைப்பும் முதலும் அடங்கியுள்ளன. அதனை வாசலில் வைத்து 'வேண்டாம்' என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். அச்சொல்லின் விலையைச் செலுத்துபவரோ அதைக் கேட்கும் இடத்தில் இருப்பதில்லை. நுகர்வோர் விழிப்புணர்வு என்பது தம் உரிமையை அறிவதோடு முடிவதன்று. எதிர்ப்புறத்தில் இருப்பவரின் உழைப்பை மதிப்பதும் அதன் ஒரு பகுதியே என்பதை நம் கல்வி நிலையங்களும் நுகர்வோர் மன்றங்களும் எடுத்துரைக்கவேண்டும்.