இயங்கும் தசையும் இளைக்கும் தசையும்

கோழிக்கறி பரிமாறப்படும்போது, காற்பகுதி இறைச்சி கருஞ்சிவப்பாகவும் நெஞ்சுப்பகுதி இறைச்சி வெண்மையாகவும் இருப்பதைக் காணாதவர் இலர். ஒரே கோழி, ஒரே குருதி, ஒரே தீனி. அங்ஙனமிருக்க, இந்த நிறவேறுபாடு வந்தது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், எமது தசைகள் எவ்வாறு அமைந்தன, எதனால் வளர்கின்றன, எதனால் இளைக்கின்றன என்பனவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும். முடிவில், எமது வீட்டு முதியோரைப் பேணும் முறையையே நாம் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியும் வரலாம்.

கோழி நாள் முழுவதும் நின்றும் நடந்தும் கிளறியும் திரிவது. அதன் கால்களுக்கு ஓய்வு குறைவு. இறகை அடித்துப் பறப்பதோ எப்போதாவது ஒருமுறை. அதுவும் வேலிக்கு மேலே தாவும் அளவுக்குத்தான். நெடுந்தூரம் பறக்கும் புறாவைப் பாருங்கள். அதன் நெஞ்சிறைச்சி கருஞ்சிவப்பு. மீன்களிலும் இதுவே கதை. ஓயாது கடலில் நீந்தும் சூரை மீனின் தசை சிவந்தது. கரையோரத்திற் பாசி மேயும் ஓராவின் தசை வெண்ணிறம். ஆகவே, இடைவிடாது உழைக்கும் தசை சிவந்திருக்கும். இடையிடையே விரைந்து இயங்கும் தசை வெளிறியிருக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம்.

பிரெஞ்சு அறிஞர் இரான்வியே என்பவர் 1873ஆம் ஆண்டில் முயலின் தசைகளை ஆராய்ந்து, சிவந்த தசை மெதுவாகச் சுருங்குவதையும் வெளிறிய தசை விரைவாகச் சுருங்குவதையும் எடுத்துக் காட்டினார். நிறம் வெளித்தோற்றம் மாத்திரமன்று. அது தொழிலின் அடையாளம் என்பது அப்போது தெளிவாயிற்று.

மனித உடம்பில் எலும்புகளை அசைக்கும் தசைகள் அறுநூறுக்கும் மேற்பட்டவை. உடல் நிறையில் ஏறக்குறைய 40 வீதம் இவற்றுக்குரியது. ஒவ்வொரு தசையும், கயிற்றிலே புரிகள் சேர்ந்திருப்பதுபோல, மெல்லிய இழைகள் பல சேர்ந்து ஆனது. இவ்விழைகளிற் பிரதானமாக இரு வகை உண்டு.

முதலாவது மெதுவிழை. இதில் ஒட்சிசனைப் பற்றிவைக்கும் மயோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் மிகுந்திருக்கும். உணவை ஒட்சிசனோடு சேர்த்துச் சக்தியாக்கும் இழைமணிகளும் இதில் நிறைய உண்டு. இதன் வலிமை சிறிது. ஆயினும் இது எளிதிற் களைப்பதில்லை. இரண்டாவது விரைவிழை. இது தன்னகத்தே சேமித்த கிளைக்கோசன் என்னும் மாப்பொருளை ஒட்சிசனுக்குக் காத்திராது உடைத்து, நொடிப்பொழுதிற் பெருவலிமை காட்டும். ஆனால் விரைவிலே சோர்ந்துவிடும். விரைவிழைகளுள்ளும் ஒரு பிரிவு ஒட்சிசனையும் ஓரளவு பயன்படுத்தி, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தன்மையுடன் விளங்குகிறது.

கோழியைப் போல் எமது தசைகள் நிறத்தாற் பிரிந்து கிடப்பதில்லை. பெரும்பாலான தசைகளில் இருவகை இழைகளும் கலந்தே உள்ளன. நாம் நிற்கும்போது உடம்பைத் தாங்குகின்ற, கெண்டைக்காலின் ஆழத்தே அமைந்த தசையில் மெதுவிழைகளே மிகுதி. தொடையில் இரண்டும் ஏறத்தாழச் சமபங்கு. நெடுந்தூர ஓட்டத்தில் வல்லவர்களின் கால்களில் மெதுவிழைகளும், குறுந்தூர ஓட்ட வீரர்களின் கால்களில் விரைவிழைகளும் மிகுந்திருக்கக் காண்கிறோம்.

இனி, ஓர் இழை மெதுவிழையாவதும் விரைவிழையாவதும் யாருடைய ஆணையால்? 1960ஆம் ஆண்டில் புல்லர், எக்கிள்ஸ் முதலிய அறிஞர்கள் பூனைகளில் ஒரு சோதனை நடத்தினர். மெதுவான தசைக்குச் செல்லும் நரம்பையும் விரைவான தசைக்குச் செல்லும் நரம்பையும் அறுத்து, ஒன்றை மற்றதன் தசையோடு மாற்றி இணைத்தனர். நரம்புகள் புதிய தசைகளிற் பற்றி வளர்ந்த பின்னர் பார்த்தபோது, மெதுவான தசை விரைவுபெற்றிருந்தது; விரைவான தசை மெதுவாகியிருந்தது. தசை தன் இயல்பைத் தானே தீர்மானிப்பதில்லை. நரம்பு வழியாக அதற்கு எத்தகைய வேலை வருகிறதோ அதற்கேற்ப அது தன்னை அமைத்துக்கொள்கிறது.

இந்த உண்மையை மனதிற்கொண்டால், தசை இளைப்பதன் காரணங்கள் எளிதில் விளங்கும். அவற்றுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நரம்பை இழத்தல். இளம்பிள்ளைவாத நோய்க்கிருமி தசையை நேரே தாக்குவதன்று. முண்ணாணிலே தசைகளை இயக்கும் நரம்புக் கலங்களை அழிக்கிறது. ஆணையிடுவார் இல்லாத தசையிழைகள் சுருங்கிப்போகின்றன. இலங்கையில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1993ஆம் ஆண்டில். தடுப்பு மருந்தின் பயனாக எமது பிராந்தியம் 2014ஆம் ஆண்டில் இந்நோயற்றதெனச் சான்று பெற்றது. எனினும், சிறுவயதில் இதனாற் கால் மெலிந்தோர் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுடைய உடம்பில் ஓர் அரிய செயல் நிகழ்ந்திருக்கும். எஞ்சிய நரம்புகள் புதுக்கிளை விட்டு, நாதியற்ற இழைகளிற் பலவற்றைத் தத்தெடுத்துக்கொள்ளும். நோய்க்குப் பின்னர் ஓரளவு வலிமை திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, வேலையை இழத்தல். எலும்பு முறிந்து சாந்துக்கட்டுப் போட்ட காலை, கட்டு அவிழ்த்த அன்று பார்த்தவர்கள் அது மற்றக் காலினும் மெலிந்திருக்கக் கண்டிருப்பர். தசையிலே புரதம் நாள்தோறும் கட்டப்படுகிறது, நாள்தோறும் உடைக்கப்படுகிறது. வேலை நின்றால் கட்டும் பணி குன்றும். வரவிலும் செலவு மிகும். இங்கே இழைகள் பெரும்பாலும் அழிவதில்லை, மெலிந்து போகின்றன. உடம்பைத் தாங்கி நிற்கும் தசைகளே முதலிற் பாதிக்கப்படுகின்றன. பாரமற்ற விண்வெளியில் வாழ்வோர் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணிநேரம் உடற்பயிற்சி செய்வது இதன்பொருட்டே.

விண்வெளிக்குப் போகவேண்டியதில்லை, கட்டிலே போதும். அமெரிக்காவில் நடந்து 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சராசரி 67 வயதுடைய நோயற்ற சிலர் பத்து நாட்கள் படுக்கையிற் கிடந்தனர். அப்பத்து நாட்களில் அவர்களுடைய கால்கள் இழந்த தசைப்பகுதி ஒரு கிலோகிராமுக்குச் சற்றே குறைவு. நோயும் பசியின்மையும் சேர்ந்தால் இழப்பு இன்னும் விரைவாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது, முதுமை. முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 வீதம் வரை தசை குறைகிறது என்பது பொதுவான மதிப்பு. அறுபதின் பின்னர் இக்குறைவு வேகங்கொள்ளும். முதுமையிலே நரம்புக் கலங்கள் சில மடிகின்றன. அவற்றின் இழைகளுட் சில வேறு நரம்புகளாற் காக்கப்பட, ஏனையவை அழிந்துபோகின்றன. அதிகமாக மெலிவன விரைவிழைகளே. கல்லொன்று தடுக்கியவுடன் காலை முன்வைத்து உடம்பை நிறுத்துவது விரைவிழையின் வேலை. அது குன்றியமையால், இளைஞர் தடுமாறும் இடத்தில் முதியவர் விழுந்துவிடுகிறார். விழுந்தவர் படுக்கையிற் கிடக்கிறார். கிடப்பதனால் எஞ்சிய தசையும் இளைக்கிறது. ஒரு துன்பம் மற்றொன்றுக்கு வாயிலாகிறது.

இங்கே எமது வழக்கம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. தாய் தந்தையருக்கு வயதாகிவிட்டால், "நீங்கள் பேசாமல் இருங்கோ அம்மா, நாங்கள் பார்க்கிறோம்" என்று சொல்லிக் கதிரையில் இருத்திவிடுகிறோம். தண்ணீர்ச் செம்பும் கைக்கு வருகிறது; சாப்பாட்டுக் கோப்பையும் கைக்கு வருகிறது. காய்ச்சல் வந்து மாறினாலோ, மேலும் ஒரு மாதம் எழும்பவே விடுவதில்லை. இவையனைத்தும் அன்பினாற் செய்வன. ஆனால் தசைக்கு அன்பு தெரியாது, வேலை தெரியும். வேலை வராத தசை, தன்னைத் தேவையற்றதென்று கொண்டு இளைத்துவிடுகிறது.

இளைத்த தசை மீளுமா? 1990ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரிலிருந்து வெளியான ஆய்வு இதற்கு விடை கூறிற்று. முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேரின் கால்களுக்கு எட்டு வாரங்கள் பாரந்தூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒன்பது பேர் அதனை நிறைவுசெய்தனர். அவர்களின் தொடைவலிமை சராசரியாக 174 வீதம் உயர்ந்தது. தொடைத்தசையின் பருமன் கூடியதோ 9 வீதமே. எனவே வலிமையின் பெரும்பகுதி, உறங்கிக் கிடந்த இழைகளை நரம்பு மீண்டும் எழுப்பியதனால் வந்தது எனலாம். இருவர் ஊன்றுகோலின்றி நடக்கத் தொடங்கினர். தொண்ணூறு வயதுத் தசையும் கட்டளைக்குக் காத்திருந்தது என்பதே இதன் பொருள். பயிற்சியை நிறுத்தியபோது பெற்ற வலிமை மீண்டும் குறையத் தொடங்கிற்று என்பதையும் மறத்தலாகாது.

எல்லா இளைப்பும் பயிற்சியால் மீள்வதன்று. காரணமின்றி ஒரு கையோ காலோ மெலிந்தாலும், வலிமை திடீரெனக் குன்றினாலும், அது நரம்பு நோயின் அறிகுறியாகலாம்; தாமதியாது வைத்தியரைக் காணவேண்டும். இதய நோயுள்ளோரும் வைத்தியரின் ஆலோசனையுடனேயே பயிற்சி தொடங்குதல் வேண்டும்.

மற்றையோர்க்கு வேண்டியது பெரிய கருவி எதுவுமன்று. கதிரையின் கையைப் பிடியாமல் எழுந்து மெதுவாக அமர்வதை நாள்தோறும் பலமுறை செய்வது தொடைக்கு நல்ல பயிற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது கெண்டைக்காலுக்கு நன்று. பயறு, கடலை, முட்டை, மீன், பால் என்பவற்றுள் இயன்றவை முதியோரின் உணவிற் குறைவறச் சேரவேண்டும். கட்டுவதற்குப் பொருள் இல்லாவிடிற் கட்டடம் எழாது.

ஆகவே நேயர்களே, நாளைக் காலையில் அம்மா தண்ணீர்ச் செம்பை எடுக்கத் தாமே எழுந்தால், ஓடிச்சென்று தடுக்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், தடுமாறினாற் பிடிப்பதற்கு ஆயத்தமாக இருங்கள். ஆனால் எழுவதை அவரே எழட்டும்.