தோட்டத்துக் குரல்கள் – 9: ஜோடி சேராத குரல்

சென்ற வாரம், மாரியம்மன் திருவிழாவுக்கு நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாடகம் போட்ட கதையைப் பார்த்தோம். ராஜபார்ட்டுக்கு ஆள் எளிதில் கிடைத்துவிடும். ஸ்திரீபார்ட்டுக்குத்தான் மீசையை எடுக்கச் சம்மதிக்கிறவனைத் தேட வேண்டும். பாட்டுக்கு வாத்தியார்? இசைத்தட்டுதான். அந்தத் தட்டுகளில் ஒலித்த பெரிய குரல் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளுடையது.

மேல்நாட்டு ஆப்பராவுக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவு, சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த இசை நாடகம். மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்காத குரலுக்கு வேலையும் கிடையாது. 1908இல் பிறந்து, ரயிலில் பாடித் திரிந்த சிறுமி வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து தொண்டையைப் பழக்கிக்கொண்டது அந்த மேடையில்தான். 1926இல் கொழும்பில் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். மறு வருடமே கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. மனக்கசப்பும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றார்.

அத்தோடு தொழில் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கென்னவோ, அந்தச் சபதம்தான் அவர் தொழிலை நாற்பது வருடம் நீட்டித் தந்தது என்று தோன்றுகிறது. காதலி வேடத்துக்கு வயது வரம்பு உண்டு. துறவிக்கும் கிழவிக்கும் ஏது?

1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமே போட்டார். சம்பளம் லட்ச ரூபாய். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதி கொண்டுவந்த ஆண்டை. நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறவர். பெரட்டுக்களத்தில் கிராணி முன்னால் கைகட்டி நின்று லீவு கேட்டவனுக்கு இந்தக் கட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1940இல் மணிமேகலை. 1953இல், நாற்பத்தைந்து வயதில், ஜெமினியின் 'ஔவையார்'. தோட்டத்துத் திடலில் படம் போடும் ராத்திரியை நினைத்துப் பாருங்கள்: வெள்ளைத்துணி, பாய், கச்சான் பொட்டலம், ஒரு பக்கம் ஜெனரேட்டரின் இரைச்சல். சன்னமான பாட்டெல்லாம் அந்த இரைச்சலில் கரைந்துவிடும். மைக் இல்லாத கொட்டகைக்குப் பழகிய குரலோ லயத்துக் கடைசி வீடு வரை போகும். படத்துக்கு வராமல் பிள்ளையைத் தூங்கவைத்துக் கொண்டிருந்தவளுக்கும் பாட்டு முழுசாகக் கேட்கும்.

அப்புறம் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள், 'திருவிளையாட'லில் மறுபடி ஔவை. அறுபது வயதுக்குப் பக்கத்தில் பாடிய 'துணைவன்' படப் பாட்டுகளுக்குத் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. 1973இல் காரைக்கால் அம்மையார். தன் அழகைத் தானே வேண்டாம் என்று உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிய பெண்ணின் வேடம் அவருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. 1980இல் காலமாகும்போதும் அவர் உடுத்தியது அதே வெள்ளைதான்.

அடுத்த வாரம்: லயத்துக்குள் வந்த ரேடியோப் பெட்டி.

(தொடரும்)