எல்லை தாண்டும் இரு சக்கரங்கள்

மலேசிய பைக் பிரியர்களுக்குத் தெற்குத் தாய்லாந்து இரண்டு நாள் சொர்க்கம். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு வேகத்தைவிட நிதானமும், முழு டாங்க் பெட்ரோலைவிட முழுமையான ஆவணங்களும்தான் முக்கியம்.

சனிக்கிழமை அதிகாலை மூன்று மணி. கோலாலம்பூரின் புறநகர் பெட்ரோல் பங்க் ஒன்றின் விளக்கு வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து பைக்குகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒருவர் டயரில் காற்று பார்க்கிறார். இன்னொருவர் செயினுக்கு எண்ணெய் விடுகிறார். மூன்றாமவர் பின் சீட்டில் மழைக்கோட்டை இறுக்கிக் கட்டுகிறார். குழுத் தலைவர் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி பெட்ரோலைப் பற்றியதல்ல: பாஸ்போர்ட் எடுத்து வந்தாயிற்றா?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, எல்லையில் பாஸ்போர்ட் இல்லாமல் திருதிருவென்று விழித்தவர்களின் கதைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். மலேசியாவில் நீண்ட வார இறுதி வந்துவிட்டால் வடக்கு நோக்கிக் கிளம்பும் பைக் கூட்டங்களுக்குக் குறைவே இல்லை. வங்கி குமாஸ்தா, லாரி டிரைவர், பள்ளி ஆசிரியர், மெக்கானிக் என்று பல தொழில்காரர்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பல இனத்தவர். எல்லோருக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுதான்: திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டும். அதற்குள் போக வர ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத பயணம்.

இந்த ஆசைக்கு அடித்தளம் போட்டது சாலை. மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாம் வரை நீளும் வடக்கு-தெற்கு விரைவுச் சாலை 1994 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. கார்களும் லாரிகளும் சுங்கம் கட்டிச் செல்லும் இந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டணம் கிடையாது. சுங்கச் சாவடியின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட குறுகலான பாதையில் பைக்குகள் நிற்காமல் நழுவிப் போய்விடலாம். பொழுது விடியும்போது ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள், அதைத் தாண்டியதும் மெனோரா சுரங்கப் பாதை, பிறகு கெடா மாநிலத்தின் கண்ணுக்கெட்டிய தூரம் வரையிலான நெல் வயல்கள். தமிழ் வாசகர்களுக்கு இந்த மாநிலம் புதிதல்ல. ராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடற்படை அனுப்பி வென்றதாகச் சொல்லும் கடாரம் இதுதான்.

கூட்டத்தில் எல்லா வகை வண்டிகளும் உண்டு. ஆயிரம் சி.சி. சூப்பர் பைக்குகளில் வருபவர்கள் தனிக் குழு. ஆனால் மலேசியச் சாலைகளின் உண்மையான ராஜா 'கப்சாய்' எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள். ஹோண்டா கப் வண்டியின் வழிவந்த, 100 முதல் 150 சி.சி. வரையிலான, பெட்ரோலைச் சிக்கனமாகக் குடிக்கும் ரகம் இது. வழியில், கெடாவின் குருண் நகரில்தான் உள்நாட்டு நிறுவனமான மொடெனாஸின் தொழிற்சாலை இருக்கிறது. இந்தியாவின் பஜாஜுடன் கூட்டுச் சேர்ந்து 2017-இல் இந்த நிறுவனம் பல்சர் வண்டிகளைத் தன் பெயரில் களமிறக்கியது. ஆகவே புனே நகரத்து இளைஞன் ஓட்டும் அதே பல்சர், வேறு முத்திரையோடு தாய்லாந்து எல்லையில் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கூட்டமாகப் போவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வழி தெரிந்தவர் முன்னால் போவார். அனுபவசாலியும் பொறுமைசாலியுமான ஒருவர் கடைசியில் வருவார். அவர் யாரையும் முந்த மாட்டார். யாராவது நின்றால் அவரும் நிற்பார். இடையில் உள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் போகாமல், ஒருவர் வலது ஓரம், அடுத்தவர் இடது ஓரம் என்று மாறி மாறிப் போவார்கள். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் போட்டால் ஒதுங்க இடம் வேண்டுமே. புதியவர்களுக்கும் சிறிய வண்டிகளுக்கும் தலைவருக்கு அடுத்தபடியாக இடம். மிக மெதுவாகப் போகிறவரின் வேகமே குழுவின் வேகம் என்பது எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை மீறும் குழுக்களில்தான் விபத்துகள் நேர்கின்றன. பின்தங்கியவர் மற்றவர்களை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் வளைவுகளில் வேகமெடுக்கிறார்.

நடுப்பகலுக்குள் எல்லை. முன்யோசனை உள்ளவர்கள் அதற்கு முன்பே, சங்லூன் வட்டாரத்தில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். இரண்டு காரியங்கள் பாக்கி. ஒன்று, டாங்கை நிரப்புவது. மலேசியாவில் குடிமக்களுக்கு மானிய விலையில் கிடைக்கும் பெட்ரோல், எல்லைக்கு அப்பால் விலை அதிகம். இரண்டாவது, தாய்லாந்துச் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். எல்லையோரக் கடைகளில் சில நிமிடங்களில் கையில் கிடைத்துவிடும்.

எல்லையில் மலேசியக் குடியேற்றத் துறையின் முத்திரை, பிறகு தாய்லாந்தின் முத்திரை. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் வருகை அட்டையை முன்கூட்டியே கணினி வழியாகப் பூர்த்தி செய்துவிட வேண்டும். மனிதனுக்கு அனுமதி கிடைத்தால் போதாது, வண்டிக்கும் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டி, தற்காலிக இறக்குமதிப் படிவம் ஒன்றைச் சுங்கத் துறையிடம் பெற்றுக்கொள்ள வேண்டும். வண்டி அண்ணன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் தேவை. படிவத்தைத் திரும்பும்போது ஒப்படைக்கத் தவறினால் அபராதம். ஓட்டுனர் உரிமத்தில் மட்டும் சிக்கல் இல்லை. தென்கிழக்கு ஆசிய நாடுகள் 1985-இல் கோலாலம்பூரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு நாட்டின் உரிமம் மற்ற நாட்டிலும் செல்லும். இரு நாடுகளிலும் வாகனங்கள் இடப்புறமே போகின்றன என்பது இன்னொரு வசதி. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தால் பயணிகளுக்கு ஒரு மணி நேரம் லாபம்.

அங்கிருந்து ஹட் யாய் ஒரு மணி நேர ஓட்டம். பாங்காக்கிலிருந்து வரும் ரயில் பாதை மலேசியாவை நோக்கியும் சுங்கை கோலோக்கை நோக்கியும் இரண்டாகப் பிரியும் சந்திப்பு என்பதால் வளர்ந்த ஊர் இது. இன்று தெற்குத் தாய்லாந்தின் பெரிய வர்த்தக நகரம். கிம் யோங் சந்தையில் முந்திரியும் உலர் பழங்களும் வாங்கும் கூட்டத்தில் மலாய் மொழிதான் அதிகம் காதில் விழும். கடைக்காரர்கள் மலாயில் பேரம் பேசுகிறார்கள். பலர் ரிங்கிட்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். பொரித்த வெங்காயம் தூவிய ஹட் யாய் கோழி வறுவலுக்குத் தனி ரசிகர் கூட்டம். பைக்காரர்கள் இன்னும் அரை மணி நேரம் ஓட்டி சொங்க்லா கடற்கரைக்குப் போவார்கள். அங்கே பாறை மேல் அமர்ந்து கூந்தலைப் பிழியும் தங்கநிறக் கடல்கன்னிச் சிலையின் முன் படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் பயணம் பூர்த்தியாகாது. சொங்க்லா ஏரியின் குறுக்கே நீளும் தின்சுலானோன் பாலத்தில் மாலை வெயிலில் ஓட்டுவது அடுத்த சடங்கு.

இந்தக் கூட்டத்தால் தாய்லாந்துக்கு லாபம் கொஞ்சநஞ்சமல்ல. 2023-இல் அந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டவரில் முதலிடம் மலேசியர்களுக்கு. எண்ணிக்கை 46 லட்சம். கொரோனா காலத்தில் எல்லை மூடப்பட்டபோது ஹட் யாய் கடைத்தெருக்கள் வெறிச்சோடின. 2022 ஏப்ரலில் மலேசியா மீண்டும் கதவைத் திறந்த பிறகுதான் ஊருக்கு உயிர் வந்தது.

ஆனால் பைக்குகள் இன்று பாடிக்கொண்டு கடக்கும் இந்தக் கோட்டுக்குப் பின்னால் கனமான வரலாறு இருக்கிறது. கோடே 1909-இல் பிரிட்டனும் சயாமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்தது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு பிரிட்டன் பக்கம் வந்தன. மலாய் முஸ்லிம்கள் நிறைந்த பட்டாணிப் பகுதி சயாமிடம் நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது சயாம்-பர்மா ரயில் பாதை போடுவதற்காக ஜப்பானியர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை இந்த எல்லை வழியாகத்தான் ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். பெரும் எண்ணிக்கையினர் திரும்பவே இல்லை. இன்று ஹட் யாய்க்கு ஓட்டும் மலேசியத் தமிழ் இளைஞர்களில் எத்தனையோ பேரின் குடும்பத்தில் அப்படிக் காணாமற்போன தாத்தாவின் பேச்சு உண்டு.

போருக்குப் பிறகும் எல்லைக் காடுகள் அமைதியாக இல்லை. மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் கெரில்லாக்கள் பல ஆண்டுகள் இங்கே பதுங்கியிருந்து போரிட்டார்கள். 1989 டிசம்பர் 2 அன்று ஹட் யாயின் லீ கார்டன்ஸ் ஹோட்டலில் கையெழுத்தான ஒப்பந்தத்தில்தான் அந்தப் போர் முடிந்தது. பேராக் வழியாக எல்லை கடக்கும் குழுக்கள், மலைப் பாதைகளின் வளைவுகளுக்காகவே பெத்தோங் நகருக்குப் போகின்றன. அங்கே கெரில்லாக்கள் தோண்டிய பியாமித் சுரங்கம் இப்போது சுற்றுலாத் தலம்.

ஒரு போர் முடிந்தது, இன்னொன்று மூண்டது. 2004 ஜனவரியில் நராத்திவாட்டில் ராணுவ முகாம் தாக்கப்பட்டதிலிருந்து யாலா, பட்டாணி, நராத்திவாட் மாநிலங்களிலும் சொங்க்லாவின் சில வட்டங்களிலும் நடக்கும் பிரிவினை வன்முறை 7,000 உயிர்களுக்கு மேல் பலி கொண்டிருக்கிறது. ஹட் யாயும் தப்பவில்லை. 2012 மார்ச் 31 அன்று லீ கார்டன்ஸ் பிளாசா ஹோட்டலின் அடித்தளத்தில் கார் குண்டு வெடித்தது, நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். 2018 டிசம்பரில் சொங்க்லா கடற்கரையில் சிறு குண்டுகள் வெடித்தபோது கடல்கன்னிச் சிலையே லேசாகச் சேதமடைந்தது. இப்பகுதியில் குண்டுகளைச் சுமந்து வந்த வாகனம் பல நேரம் மோட்டார் சைக்கிள்தான். ஆகவே தென்கோடி மாநிலங்களின் சோதனைச் சாவடிகளில் பைக்குகள் மேல் படையினரின் கண் அதிகம். அனுபவசாலிகள் அங்கே ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை உயர்த்தி, வேகத்தைக் குறைத்து, முகம் தெரியும்படி போகிறார்கள். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை.

இயற்கையும் சோதிக்கும். 2025 நவம்பரில் ஹட் யாயில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நகரமே நீரில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான மலேசியப் பயணிகள் ஹோட்டல் மாடிகளில் சிக்கிக்கொண்டார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையைத் தாக்கும் என்பது புதிய செய்தியல்ல. 2000-லும் 2010-லும் நவம்பரில்தான் பெருவெள்ளம் வந்தது. பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய அதே மாதங்களில் வந்து தொலைக்கிறது.

ஆனாலும் குண்டையும் வெள்ளத்தையும்விடப் பெரிய எமன் சாலையே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2016-இல் தாய்லாந்தில் ஒரு லட்சம் பேருக்கு 32.7 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். இறப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இரு, மூன்று சக்கர வாகனங்களில் போனவர்கள். 2021-இல் விகிதம் 25.4 ஆகக் குறைந்தாலும் உலகின் மோசமான எண்களில் ஒன்று அது. மலேசியாவிலும் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்களே.

இங்கேதான் அந்த இன்சூரன்ஸ் பேப்பரின் அருமை புரியும். வழக்கமான மலேசிய வாகன பாலிசி மலேசியா, சிங்கப்பூர், புரூணை ஆகிய மூன்று நாடுகளில்தான் செல்லும். தாய்லாந்துக்கு நீட்டிக்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எல்லையில் வாங்கும் கட்டாய இன்சூரன்ஸ் மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் ஓரளவு ஈடு தரும். நொறுங்கிய வண்டிக்கும் அடுத்தவர் காருக்கும் சல்லிக்காசு தராது. தனியார் மருத்துவமனைச் செலவு, உடைந்த வண்டியைக் கொண்டுவரும் செலவு, துரதிர்ஷ்டவசமாக நேர்ந்தால் உடலைக் கொண்டுவரும் செலவு எல்லாம் குடும்பத்தின் தலையில். தவணையில் வாங்கிய வண்டியாக இருந்தால் வண்டி போன பிறகும் தவணை தொடரும். இந்தக் காரணத்தால்தான், பயணக் காப்பீடு எடுக்காதவருக்கு இடமில்லை என்று பொறுப்புள்ள குழுக்கள் கறாராகச் சொல்லிவிடுகின்றன.

இந்திய பைக் பிரியர்களுக்கு இந்தக் கதை ஏக்கத்தைக் கிளப்பலாம். நேபாளத்துக்கும் பூடானுக்கும் வண்டியில் போய்வர முடிகிறது. ஆனால் மணிப்பூரின் மோரேவிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட முத்தரப்பு நெடுஞ்சாலை, மியான்மரில் 2021-இல் நடந்த ராணுவப் புரட்சிக்குப் பிறகு மேலும் தாமதமாகிறது. பகையில்லாத எல்லை எத்தனை பெரிய வசதி என்பது அது இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிறு பகல். எல்லையில் மீண்டும் வரிசை. சனிக்கிழமை கிடைத்த ஒரு மணி நேரத்தைக் கடிகாரம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பைகளில் முந்திரிப் பொட்டலங்கள், கண்களில் தூக்கம். உண்மையில் இதுதான் பயணத்தின் அபாயகரமான கட்டம்: உடம்பு களைத்திருக்கிறது, வீடு அழைக்கிறது, இன்னும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாக்கி. நல்ல தலைவர் குருணிலோ தாப்பாவிலோ ஓய்விடத்தில் எல்லோரையும் நிறுத்தி, தேநீர் வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் கண்ணயரச் சொல்வார். பிறகு கிளம்புவதற்கு முன் விரலை நீட்டி ஒவ்வொரு வண்டியாக எண்ணுவார். கிளம்பியபோது இருந்த எண்ணிக்கை அப்படியே இருந்தால் போதும். அடுத்த பயணத்துக்கு எந்த வார இறுதி என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.